பல்லால் கேட்ட வண்டி

செசிலியா: ...பூசைக்குப் போட்டுக்கினு போன சட்டைங்க அது! அதோட போயி கிரீஸ் டப்பாவாண்ட ஒக்காந்தா?

ராயப்பன்: பூசணியா? பூசணிலாம் வேணாம் செசிலி. கொளஞ்சி வரான். கருவாடு போடு.

செசிலியா: சட்டைய சொன்னேன்! சட்டை!

ராயப்பன்: ஆங், சட்டையா. இந்தா, கழட்டிட்டேன். அதுக்கு ஏன் கத்துற? பக்கத்து குவார்ட்டர்ஸ்ல புருஷன் பொண்டாட்டி சண்டைன்னு நெனைக்கப் போறாங்க.

செசிலியா: நெனைச்சிக்கினு போறாங்க. கத்தலன்னா இந்த வூட்டுல ஒரு வேலை நடக்குதா?

கொளஞ்சிநாதன்: என்னா தங்கச்சி, ஞாயித்துக்கெழமயும் அதுவுமா மாப்ளைய இந்த வாங்கு வாங்குற? வாசல்ல நின்னு கூப்புட்டுப் பார்த்தேன். பதில காணோம். கொல்லப்பக்கமா சுத்தி வரேன்.

செசிலியா: வாங்கண்ணே. நான் அடுப்பாண்ட இருந்தேன். இவுரு தான் வண்டியாண்ட ஒக்காந்துட்டா ஒலகமே தெரியாதே.

கொளஞ்சிநாதன்: மாப்ள!... ஏ மாப்ள!... யோவ் ராயப்பா!

ராயப்பன்: அட, மச்சான்! எப்ப வந்த? பூன மாதிரி வந்து நிக்கிற?

கொளஞ்சிநாதன்: பூனையா? நான் போட்ட சத்தத்துக்கு வடக்குத்துல எங்க வூட்டு மாடு திரும்பிப் பார்த்திருக்கும்.

ராயப்பன்: ஒக்காரு, ஒக்காரு. அந்த முக்காலிய இழுத்துக்க. எல்லாம் பூட்டியாச்சி. பெட்ரோல ஊத்தி ஒதைக்க வேண்டியது தான் பாக்கி.

கொளஞ்சிநாதன்: இதையே தான் பொங்கலுக்கும் சொன்ன. எட்டு மாசமா சொல்ற. கோழி கூட இருவத்தோரு நாள்ல குஞ்சு பொரிச்சிடும்யா.

செசிலியா: கோழி பேச்ச எடுக்காதீங்கண்ணே. பண்ருட்டி முந்திரிக் கொடோன்லேர்ந்து மாட்டு வண்டில இது வந்து எறங்குனப்போ, லைட்டு கிண்ணத்துக்குள்ள ரெண்டு முட்ட கெடந்திச்சி. சீட்டுக்கு அடில எலி குட்டி போட்டிருந்திச்சி. சண்ட காலத்து மிலிட்டரி மோட்டார் சைக்கிளுன்னு இவுரு சொல்றாரு, நான் ஏதோ கோழிக் கூண்டு வாங்கியாந்துட்டாருன்னு நெனைச்சேன்.

ராயப்பன்: என்னா சொல்றா?

கொளஞ்சிநாதன்: உன் வண்டிய கோழிக் கூண்டுன்றா!

ராயப்பன்: சொல்லுவா. அவளுக்கு என்னா தெரியும்? பி.எஸ்.ஏ. மச்சான்! வெள்ளக்காரன் பாலைவனத்துல ஓட்டுன வண்டி. பிஸ்டன் இறுகிப் போயி கல்லாட்டம் நின்னுச்சி. ஒரு மாசம் மண்ணெண்ணைல ஊற வச்சேன்...

செசிலியா: என் அடுப்புக்கு வச்சிருந்த மண்ணெண்ண.

ராயப்பன்: டேங்கு பூரா துரு. உள்ள ஜல்லியப் போட்டு குலுக்குனேன்...

செசிலியா: குலுக்குனது யாரு? நானு. நாலு நாளு மடில வச்சி குலுக்குனேன். எங்க அக்கா புள்ளைக்குக் கூட அப்பிடி தொட்டில் ஆட்டுனது இல்ல.

கொளஞ்சிநாதன்: ஏன் மாப்ள, நேத்து பிளக்க கழட்டி வெயில்ல வச்சியே, காய்ஞ்சிடுச்சா?

ராயப்பன்: வெளக்கா? வெளக்கு அப்பறம் மாட்டிக்கலாம். ராத்திரிலயா ஓட்டப் போறோம்?

கொளஞ்சிநாதன்: வெளக்கு இல்லய்யா... பிளக்கு! பிளக்கு!

ராயப்பன்: அதான பார்த்தேன். காய்ஞ்சிடுச்சி, மாட்டிட்டேன். வாய்க்குள்ளயே பேசுனா எப்பிடி வெளங்கும்? எங்கூட கிரேன்ல வேல செஞ்சவன் தான நீ? நல்லா வாயத் தொறந்து பேசு.

கொளஞ்சிநாதன்: இன்னும் தொறந்தா கொடல் தெரியும்.

செசிலியா: சிரிக்காதீங்கண்ணே. நாளைக்குப் பத்து மணிக்கும் இப்பிடியே சிரிப்பீங்களா?

கொளஞ்சிநாதன்: அதுக்குத் தான தங்கச்சி வந்திருக்கேன்... மாப்ள, இந்தப் பக்கம் திரும்பு. என் மொகத்தப் பாரு. நாளைக்கு மெடிக்கலு. லிஸ்ட்டப் பார்த்துட்டேன். கிரேன் டிரைவருங்க மொத்தம் பதினோரு பேரு. நீ ஏழாவது.

ராயப்பன்: ஏழாவதா? நல்லதாப் போச்சி. அதுக்குள்ள டாக்டருக்கு அலுத்துப் போயிருக்கும்.

கொளஞ்சிநாதன்: இந்த டாக்டருக்கு அலுக்காது. அவுருக்கு எல்லாம் முறைப்படி நடக்கணும். கண்ணு முடிஞ்சதும் காது. கதவப் பார்த்து நிக்கச் சொல்லுவாரு. ஒரு காத பொத்திக்கணும். அவுரு பின்னாடி இருவது அடி தள்ளிப் போயி கிசுகிசுன்னு ஒரு நம்பர் சொல்லுவாரு. நீ திருப்பிச் சொல்லணும். அப்பறம் மறு காத பொத்திக்கினு இன்னொரு நம்பரு.

ராயப்பன்: தப்பா சொன்னா?

கொளஞ்சிநாதன்: கிரேன்லேர்ந்து எறக்கிடுவாங்க. ஸ்டோர்ஸ்ல சாக்கு அடுக்கிக்கினு நிக்கலாம்.

ராயப்பன்: நாப்பது அடி ஒசரத்துல ஒக்காந்தவன்... சாக்கா?

செசிலியா: சாக்குன்னா என்னாங்க? சாக்கு அடுக்குறவனும் சாயந்தரம் வூட்டுக்கு வந்து சோறு தான திங்கிறான்.

ராயப்பன்: என்னா சொன்ன?

செசிலியா: ஒன்னும் இல்ல. சோறு ஆவப் போவுதுன்னேன்.

கொளஞ்சிநாதன்: நீ கவலப்படாத மாப்ள. கை இப்பிடி ஆனதுலேர்ந்து எனக்கு லைட் டூட்டி. மெடிக்கல் ரூமு கதவாண்ட நிக்கிறது, பேரு கூப்புடுறது. ஆறு மாசமா ஈ ஓட்டிக்கினு நின்னேன். நாளைக்கு ஒரு நாளு அது உபயோகப்படப் போவுது. நீ பாக்குறது கதவ. கதவுல நிக்கிறது நானு. டாக்டரு சொல்ற நம்பரு எனக்குக் கேக்கும். நெஞ்சாண்ட கைய வச்சி வெரல காட்டுறேன். நீ பார்த்து சொல்லிடு. அம்புட்டு தான்.

ராயப்பன்: வெரலுலயா?

கொளஞ்சிநாதன்: வெரலுல தான். மொதல்ல பத்து. அப்பறம் ஒத்த. முப்பத்திரெண்டுன்னா மொதல்ல மூணு, அப்பறம் ரெண்டு. வா, ஒருவாட்டி பார்த்துடலாம். தங்கச்சி, நீ தான் டாக்டரு. அந்தத் தொவைக்கிற கல்லாண்ட போயி நில்லு. கிசுகிசுன்னு சொல்லணும், ஒன் வழக்கமான தொண்டைல இல்ல.

செசிலியா: என் தொண்டைய இந்த வூடு தான் இப்பிடி ஆக்கி வச்சிருக்குது. சரி... நின்னுட்டேன். சொல்லவா?

கொளஞ்சிநாதன்: மாப்ள, என்னப் பார்த்து நில்லு. காதப் பொத்திக்க. அந்தக் காது இல்ல... சரி, எந்தக் காதா இருந்தா என்னா. சொல்லு தங்கச்சி.

செசிலியா: ...முப்பத்திரெண்டு.

ராயப்பன்: முப்பத்திரெண்டு.

கொளஞ்சிநாதன்: பார்த்தியா! இன்னொன்னு.

செசிலியா: ...பதிமூணு.

ராயப்பன்: பதிமூணு.

கொளஞ்சிநாதன்: ஒரே போடு! டாக்டரு ஒன்ன ரேடியோ ஸ்டேஷனுக்கு அனுப்பிடுவாரு. இன்னொன்னு சொல்லு.

செசிலியா: ...அம்பத்தொன்னு.

ராயப்பன்: முப்பத்தொன்னு.

கொளஞ்சிநாதன்: அம்பத்தொன்னுய்யா! அஞ்சு காட்டுனேன்ல?

ராயப்பன்: மூணு தான் காட்டுன.

கொளஞ்சிநாதன்: கண்ணும் போச்சா? நல்லாப் பாரு. இது அஞ்சு இல்லாம...

செசிலியா: அண்ணே.

கொளஞ்சிநாதன்: ...ஆமா. மூணு தான் இருக்குது. தூக்கும்போது அஞ்சத் தான் தூக்குறேன் மாப்ள. ரெண்டு கொறஞ்சி போச்சின்னு கைக்கு இன்னும் தெரியல. காலைல பல்லு வெளக்கும்போதும் இப்பிடித் தான்.

செசிலியா: எடது கையால காட்டுங்கண்ணே.

கொளஞ்சிநாதன்: எடது கைல ரிஜிஸ்டரு இருக்கும். கீழ வச்சா டாக்டரு எரிஞ்சி வுழுவாரு... இரு, இரு. ஒரு வழி இருக்குது. அஞ்சுன்னா மூக்க சொறியிறேன். ஆறுன்னா மூக்க சொறிஞ்சிட்டு ஒரு வெரலு. ஏழுன்னா மூக்கும் ரெண்டும்.

செசிலியா: அப்ப நாலு? நாலு வெரலும் இல்லியேண்ணே.

கொளஞ்சிநாதன்: நாலுன்னா... காத தொடுறேன்.

செசிலியா: அம்பத்தஞ்சு சொன்னாருன்னா ரெண்டு வாட்டி மூக்க சொறியணும். டாக்டரு இவுர வுட்டுட்டு உங்களத் தான் படுக்க வச்சி பார்ப்பாரு, சொறி சிரங்கான்னு.

கொளஞ்சிநாதன்: பார்க்கட்டுமே! என்னா மாப்ள, சிரிக்கவே மாட்டேன்ற? சொல்லு. மூக்கு, ரெண்டு வெரலு, அப்பறம் மூணு வெரலு. எத்தினி?

ராயப்பன்: போதும் மச்சான்.

கொளஞ்சிநாதன்: எழுவத்தி மூணுய்யா! இன்னொரு நாலு வாட்டி பார்த்துட்டா...

ராயப்பன்: போதும்னேன்ல. வெயில் ஏறுது. வண்டியப் பாக்கலாம். கார்புரேட்டர்ல தூசி நிக்குது, இன்னொருவாட்டி ஊதிட்டு மாட்டுறேன்.

செசிலியா: ...கோவமாண்ணே இவுருக்கு?

கொளஞ்சிநாதன்: கோவம் இல்ல. பயம். பரீட்சைக்குப் போறவன் இப்பிடித் தான் இருப்பான். மெதுவா பேசு.

செசிலியா: எதுக்கு மெதுவா? முதுகு தான காட்டிக்கினு இருக்காரு. பின்னாடி மோளம் அடிச்சாலும் திரும்ப மாட்டாரு. அண்ணே, ஒன்னு கேக்கணும்.

கொளஞ்சிநாதன்: கேளு.

செசிலியா: நாளைக்குத் தப்பா காட்டுங்க.

கொளஞ்சிநாதன்: என்னாது?

செசிலியா: டாக்டரு முப்பதுன்னு சொன்னா இருவதுன்னு காட்டுங்க. ரெண்டு நம்பரும் தப்பாவட்டும். கிரேன்லேர்ந்து எறக்கட்டும்.

கொளஞ்சிநாதன்: ஏம்மா, ஒனக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சா? அவன் என்ன நம்பி நிக்கப் போறான்.

செசிலியா: அந்தக் கிரேனுக்கு அடில நிக்கிறவங்களும் இவுர நம்பித் தான நிக்கிறாங்க? போன ஐப்பசில ஜொரம் வந்துச்சே, இருவத்தி ரெண்டு நாளு படுத்துக் கெடந்தாரே. எழுந்ததுலேர்ந்து இப்பிடித் தான். மொதல்ல மந்தமா இருக்குதுன்னாரு. சரியாப் போவும், சரியாப் போவும்னாரு. எங்க போச்சி? போன வாரம் கம்பெனி பஸ்ஸு பின்னாடி வந்து ஆரன் அடிக்குது, நடு ரோட்டுல இவுரு பாட்டுக்குப் போறாரு. நான் ஓடிப் போயி இழுத்தேன். வூட்டுக்கு வந்து ஒரு பொட்டு சோறு எறங்கல எனக்கு. பயமா இருக்குதுண்ணே. ஒவ்வொரு ஷிப்டுக்கும் சைரன் ஊதும்போது வாசல்ல போயி நின்னுக்குறேன்.

கொளஞ்சிநாதன்: அவன் கண்ணால பார்த்து ஓட்டிடுவான் தங்கச்சி. சைகை காட்டுனா போதும். பதினஞ்சு வருஷக் கை அது.

செசிலியா: சைகை தெரியாத எடத்துல ஒருத்தன் நின்னு கத்துனா?

கொளஞ்சிநாதன்: ...அத ஏன் கேக்குற.

செசிலியா: அண்ணே... உங்க வெரலு...

கொளஞ்சிநாதன்: வுடு.

செசிலியா: பைப்புக்கு அடில கட்டைய வைக்கும்போது அவசரப்பட்டு கைய வுட்டுட்டேன்னு தான சொன்னீங்க? விசாரணைலயும் அதான சொன்னீங்க?

கொளஞ்சிநாதன்: அதான் சொன்னேன். அப்பிடித் தான் எழுதியும் குடுத்தேன். "என்னுடைய கவனக்குறைவால்". தமிழ் வாத்தியாரு எழுதுன மாதிரி அழகா எழுதி கையெழுத்து வாங்கிக்கினாங்க. எடது கையெழுத்து.

செசிலியா: நடந்தது என்னா?

கொளஞ்சிநாதன்: என்னா நடந்திருக்கும்? பெரிய பைப்பு. அந்தாண்ட ஒக்காந்து அடில கட்டைய செருவிக்கினு இருக்கேன். நான் இருக்குறது அவனுக்குத் தெரியாது. பைப்பு எறங்குது. "நிறுத்து"ன்னு கத்துறேன். எறங்குது. மறுபடியும் கத்துறேன். அது பாட்டுக்கு எறங்குது... அந்தக் கைய அப்பறம் தான் உருவுனேன்.

செசிலியா: ஏசுவே.

கொளஞ்சிநாதன்: அழாத. திரும்பிப் பார்த்துடப் போறான். அவனுக்குத் தெரியாது தங்கச்சி. தெரியவும் கூடாது.

செசிலியா: ஆறு மாசமா எங்க வூட்டுல தான் ஒக்காந்து சாப்புடுறீங்க. இந்தக் கைக்கு நான் தான் எண்ண காய்ச்சிக் குடுத்தேன். ஒரு வார்த்த சொல்லலியே.

கொளஞ்சிநாதன்: சொல்லி? வெரலு மொளைக்குமா?

செசிலியா: இம்மாம் நடந்தும் நாளைக்கு அவுருக்குச் சரியா காட்டுவீங்களா?

கொளஞ்சிநாதன்: கிரேன்லேர்ந்து எறக்குனா அவன் செத்துடுவான்.

செசிலியா: எறக்கலன்னா வேற எவனாவது செத்துடுவான். சொல்லுங்கண்ணே. அவன் பொண்டாட்டி புள்ளைங்க மொகத்த நான் எப்பிடி பார்ப்பேன்?

ராயப்பன்: என்னா ரெண்டு பேரும் தல தலையா ஆட்டிக்கினு இருக்கீங்க?

செசிலியா: கொழம்புக்குப் புளி பத்துமான்னு கேட்டேன்!

ராயப்பன்: புளிக்கா கண்ணு செவந்து கெடக்குது?

செசிலியா: பொக! அடுப்புப் பொக!

ராயப்பன்: சரி, சரி. வாங்க. மாட்டியாச்சி. மச்சான், அந்த பாட்டிலக் குடு... பார்த்து ஊத்தணும், கீழ சிந்துனா அவ அடுப்போட சேர்த்து நம்மளயும் கொளுத்திடுவா. செசிலி, நீ தள்ளி நில்லு. வண்டி எகிறுனாலும் எகிறும்.

செசிலியா: எகிறட்டும். எனக்கும் எட்டு மாசத்து ஆச.

ராயப்பன்: மொதல்ல இந்தக் கம்பிய அமுக்கி வால்வ தூக்கணும். மெதுவா ஒரு மிதி... அப்பறம் வுட்டுட்டு... ஹேய்!

கொளஞ்சிநாதன்: ம்ஹூம்.

ராயப்பன்: இரு. இன்னொன்னு... ஹேய்!

கொளஞ்சிநாதன்: தும்முற மாதிரி தும்மிட்டு படுத்துக்கிச்சி மாப்ள.

ராயப்பன்: என்னா?

கொளஞ்சிநாதன்: தும்முது!

ராயப்பன்: தும்முதா? அப்ப டைமிங்கு கொஞ்சம் முன்னாடி நிக்குது. இந்த லீவர பின்னாடி இழுத்தா சரியாப் போவும். சிகரெட் தாள பொறி தட்டுற பாயிண்ட்டுக்கு நடுவுல வச்சி, தாளு உருவிக்கினு வர எடம் பார்த்து தான் வச்சேன். ஒரு மயிரிழ தப்பாது... இப்பப் பாரு. ஹேய்!

செசிலியா: அய்யோ! வெடிச்சிடுச்சி!

கொளஞ்சிநாதன்: யப்பா! முருங்க மரத்துக் காக்கா பூரா கெளம்பிடுச்சி. பக்கத்து வூட்டு ஆளு கதவத் தொறக்குறாரு பாரு.

ராயப்பன்: எங்க? எதுக்குத் தொறக்குறாரு?

கொளஞ்சிநாதன்: ...சும்மா, வேடிக்க பார்க்க. நீ ஒத மாப்ள.

ராயப்பன்: கெளம்பிடும். பொகைல பெட்ரோலு வாசன நல்லா வருது... ஹேய்!... புடிச்சிக்கிச்சி! மச்சான்! புடிச்சிக்கிச்சி பாரு! டேங்கு ஆடுது! ஹாண்டிலு ஆடுது! செசிலி, இங்க வா, கைய வையி இதும் மேல!

செசிலியா: மாதாவே! ஓடுதே! கோழிக் கூண்டு ஓடுதே!

கொளஞ்சிநாதன்: என்னா ஆட்டம் ஆடுது! முக்காலிலாம் நடக்குது பாரு!

ராயப்பன்: அந்த ஸ்க்ரூ டிரைவர எடு. பெருசு. குடு.

கொளஞ்சிநாதன்: எதுக்கு? முனைய இஞ்சின்ல ஊனிட்டு பிடிய வாய்ல ஏன் வைக்கிற? அத காதுல தான வச்சிப் பார்ப்ப? நம்ம ஒர்க்ஷாப்புல...

செசிலியா: கேக்காதீங்கண்ணே. இப்பல்லாம் அப்பிடித் தான். என் தையல் மிஷினுக்கும் அப்பிடித் தான் பல்லால கடிச்சிப் பார்த்தாரு.

கொளஞ்சிநாதன்: தங்கச்சி... ஓட்டத்துக்கு நடுவுல டிக்கு டிக்குன்னு ஒன்னு வருதே. ஒனக்குக் கேக்குதா?

செசிலியா: கேக்குது. கண்ணாடி வளையல் தட்டுற மாதிரி. சொல்லிடலாமா?

கொளஞ்சிநாதன்: சொல்லாத. எப்பிடி சிரிக்கிறான் பாரு. எட்டு மாசம் கழிச்சி சிரிக்கிறான். இருக்கட்டும்.

ராயப்பன்: மச்சான்! இந்தப் பக்கம் வந்து நின்னு கேளு! சத்தம் எப்பிடி இருக்குது?

கொளஞ்சிநாதன்: பட்டு மாதிரி இருக்குது மாப்ள!

ராயப்பன்: என்னா?

கொளஞ்சிநாதன்: பட்டு! பட்டு மாதிரி!

ராயப்பன்: வேற எதுவும் சத்தம் வரலியே?

கொளஞ்சிநாதன்: ஒன்னும் இல்ல! சுத்தமா இருக்குது!

ராயப்பன்: ...இரு. நிறுத்துறேன்.

செசிலியா: ஏங்க நிறுத்திட்டீங்க? ஓடட்டுமே.

ராயப்பன்: டாப்பெட்டு அடிக்குது. பின் பக்கத்து வால்வு. ஒரு நூலு லூசு. ஸ்க்ரூ டிரைவர பல்லுல கடிச்சா மண்டைக்குள்ள வந்து அடிக்குது.

கொளஞ்சிநாதன்: அப்பிடியா? எனக்கு ஒன்னும்...

ராயப்பன்: ஒனக்குக் கேட்டுச்சி. நீ அவ மொகத்தப் பார்த்த, அவ ஒன் மொகத்தப் பார்த்தா. ரெண்டு பேரும் பேசி வச்சிக்கினு பட்டுன்ன. காது அடைஞ்சதுலேர்ந்து நான் மொகத்தத் தான பார்த்துக்கினு இருக்கேன். ஏன் பொய் சொன்ன?

கொளஞ்சிநாதன்: எட்டு மாசமா ஒழைச்சிருக்க. மொத ஓட்டத்துலயே கொற சொல்லி, ஒன் மனசு கஷ்டப்பட வேணாம்னு தான்.

ராயப்பன்: அன்னிக்கு விசாரணைலயும் அதுக்குத் தான் பொய் சொன்னியா?

கொளஞ்சிநாதன்: ...எந்த விசாரண?

ராயப்பன்: ஒன் கை விசாரண.

செசிலியா: உங்களுக்கு... யாரு சொன்னா?

ராயப்பன்: இசக்கிமுத்து. அன்னிக்கு தூரமா நின்னு பார்த்தவன். வியாழக்கெழம கேன்டீன்ல. பக்கத்துல வந்து ஒக்காந்து, காதுக்குள்ள வாய வச்சி சொன்னான். அவன் திருநெல்வேலிப் பேச்சு எனக்கு நல்லா இருக்கும்போதே பாதி தான் புரியும். அன்னிக்கு முழுசாப் புரிஞ்சிடுச்சி. "அவன் நாலு தடவ கத்துனாம்வே. நீரு எறக்கிக்கிட்டே இருந்தீரு"ன்னான். நாலு தடவ மச்சான்.

கொளஞ்சிநாதன்: அவனுக்கு நாக்குல சனி. நான் என்னா எண்ணிக்கினா கத்துனேன்?

ராயப்பன்: எனக்கு ஒன்னு கூடக் கேக்கல.

கொளஞ்சிநாதன்: தெரியும். தெரிஞ்சி தான் எழுதிக் குடுத்தேன். ஒனக்குக் கேட்டிருந்தா நிறுத்தியிருப்பன்னு எனக்குத் தெரியாதா?

ராயப்பன்: எம் மேல கோவம் வரலியா?

கொளஞ்சிநாதன்: ஏன் வரல? வந்துச்சி. நல்லா வந்துச்சி. ஒரு மாசம் சோத்த அள்ளும்போதெல்லாம் ஒன்னத் திட்டுனேன். வாய்க்கு வந்த மாதிரி திட்டுனேன். நீ என்னாடான்னா தெனமும் ஷிப்டு முடிஞ்சதும் ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டிலாண்ட ஒக்காந்துக்கின. ஆரஞ்சி உரிச்சி வாய்ல ஊட்டுன. ஊட்டுறவன எம்மாம் நாளு தான் திட்டுறது?

ராயப்பன்: மத்தியானம் நாலு வாட்டி கத்துனவனுக்கு சாயந்தரம் ஆரஞ்சி உரிச்சிக் குடுத்திருக்கேன்.

செசிலியா: இந்தாங்க... இங்க பாருங்க. எம் மொகத்தப் பாருங்க. நானும் ஒன்னு மறைச்சேன். நீங்க கார்புரேட்டர ஊதிக்கினு இருந்தப்போ, நாளைக்குத் தப்பான வெரல காட்டச் சொல்லி அண்ணன் கால்ல வுழாத கொறையா கேட்டேன். உங்க முதுகுக்குப் பின்னாடியே நின்னு கேட்டேன்.

ராயப்பன்: புளி பத்துமான்னு கேட்டேன்னியே, அதா?

செசிலியா: அதான். திட்டுறதுன்னா திட்டுங்க.

கொளஞ்சிநாதன்: நான் ஒத்துக்கல மாப்ள! சத்தியமா ஒத்துக்கல. அவ பொம்பள, பயத்துல பேசுறா. ஆமா, நானு ஒன்னு கேக்குறேன்... வியாழக்கெழமயே தெரிஞ்சிருக்குது ஒனக்கு. அப்பறம் எதுக்கு இன்னிக்கு எங்கூட நின்னு ஒத்திக பார்த்த? எங் கையப் பார்த்து எண்ணிக்கினு நின்னியே?

ராயப்பன்: இசக்கிமுத்து சொன்னதுலேர்ந்து அந்தக் கைய நேரா பாக்க முடியல மச்சான். நீயா காட்டுனப்போ எண்ணிப் பார்த்தேன்.

கொளஞ்சிநாதன்: யோவ், ரெண்டு வெரலுய்யா. அது போயி ஆறு மாசம் ஆச்சி. அதுக்குன்னு ஒன் பொழப்பக் கெடுத்துக்குவியா? இங்க பாரு, நாளைக்கு நான் சரியாத் தான் காட்டுவேன். யாரு சொன்னாலும் கேக்க மாட்டேன். ஒரு நம்பரு தப்பாது. நீ என்னயே பார்த்துக்கினு நில்லு, போதும்.

ராயப்பன்: நீ எத வேணும்னாலும் காட்டிக்க மச்சான். டாக்டரு நம்பரு சொல்லும்போது நான் கண்ண மூடிக்கினு நிக்கப் போறேன்.